முதல் குறியில் நிரப்பிய பாட்டில்கள்

2026 ஜனவரி 19, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. புனே, பவனா ஆற்றங்கரைப் போலீஸ் சௌகி.

என் பெயர் சரசா. கணவர் பெயர் மாடசாமி. வயது ஐம்பத்தொன்று. கசார்வாடியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய சாலில், அதாவது வரிசை வீட்டில், ஏழாம் நம்பர் அறையில் இருபத்தாறு வருஷமாகக் குடியிருக்கிறேன். சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். நான்காம் வகுப்பு வரை படித்தேன். நான்காம் வகுப்பிலும் பாதி வரைதான்.

ஆதார் அட்டையில் என் வயது நாற்பத்தேழு என்று இருக்கிறது. அது தவறு. அட்டைக்கு விவரம் எழுதின பெண் என்னை அக்கா என்று கூப்பிட்டதால் அந்த மரியாதைக்கு ஏற்ப நான்கு வயதைக் குறைத்துச் சொன்னேன். பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று இன்ஸ்பெக்டர் சாகேப் சொன்னதால் முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இதே போல ஆற்றைப் பற்றியும் இரண்டு மழைக்காலம் பொய் விவரம் கொடுத்திருக்கிறேன். அது பின்னால் வருகிறது.

எனக்கு மராத்தி பேச வரும், எழுத வராது. அதனால் ராணுவக் கணக்கு ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, சாங்வியில் குடியிருக்கும் ரவிசந்திரன் ஐயாவை வரவழைத்திருக்கிறார்கள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் எழுதுகிறார். நான் வேடிக்கையாகப் பேசுவதை எழுத வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதினால் போதும் என்று இன்ஸ்பெக்டர் சாகேப் அவரிடம் சொன்னார். ரவிசந்திரன் ஐயாவின் முகத்தைப் பார்த்தால் அந்தக் கவலைக்கு இடமில்லை.

2022 ஜூலை 14, வியாழக்கிழமை. நாலு நாளாக விடாத மழை. என் கணவர் கசார்வாடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். அன்று பட்டறைக்குள் தண்ணீர் வந்துவிட்டதால் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரர்கள் இரண்டு பேர் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக இருந்தது. எங்களிடம் இருந்தது எட்டுக் குழி இட்லித் தட்டு. பதினாறு குழித் தட்டு வேண்டும் என்று நான் ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்று காலையும் சொன்னேன். "நமக்குப் பிள்ளையா குட்டியா, ரெண்டு பேருக்கு எட்டுக் குழி காணாதாட்டி?" என்றார். "விருந்தாளுக்கு இட்லி பத்தலைன்னா நீங்க தட்டுல ஏறி உக்காருவீயளா? பதினாறு குழித் தட்டு இல்லாம வீட்டு வாசல் ஏறிராதீய" என்று நான் சொன்னேன். நான் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். ஆனால் அப்போது அடுப்பைப் பார்த்து நின்றிருந்ததால் அவருக்கு என் முகம் தெரிந்திருக்காது. அவர் "சரி, ஏறல" என்றார். அதன் பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் வரவில்லை.

மறுநாள் இதே சௌகியில் புகார் கொடுத்தேன். வீட்டில் ஏதாவது தகராறு உண்டா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். இட்லித் தட்டுக்காகக் கட்டினவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியவள் என்று மராத்தியில் எழுதி வைப்பார்களே என்ற வெட்கத்தில் அப்படிச் சொன்னேன். அது என் இரண்டாவது பொய். ஆதாரையும் சேர்த்து எண்ணினால்.

அதன் பிறகு, கசார்வாடிக்கும் அக்கரைக்கும் நடுவில் இருக்கிற தாழ்வான பழைய பாலத்தில், தண்ணீர் மேலே ஏறி ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு மொபெட் போனதைப் பார்த்ததாகக் காய்கறிக்காரர் ஒருவர் சொன்னார். அதே நாள் என் கணவர் கசார்வாடி ஸ்டேஷனில் லோக்கல் வண்டி ஏறியதைப் பார்த்ததாக வேறொருவர் சொன்னார். போலீஸார் ஆற்றில் இரண்டு நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு பேர் சொன்னதில் எனக்கு ஸ்டேஷனில் பார்த்தவர் சொன்னது பிடித்திருந்தது. கோபத்தில் ரயில் ஏறினவர் கோபம் ஆறினதும் அதே ஸ்டேஷனில் இறங்கத்தானே வேண்டும்.

2023 ஜூன் மாதம், ஆற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. அங்கே என்ஜினீயர் சுப்ரஜா. கோயம்புத்தூர்ப் பெண், வயது முப்பத்துநான்கு இருக்கும், வாகடில் அடுக்குமாடியில் இருக்கிறார். என்னை அக்கா என்று கூப்பிடுவார், அதற்காக நான் அவரிடம் வயதைக் குறைத்துச் சொல்லவில்லை. நான் அவரை அம்மணி என்று கூப்பிடுவேன். முதலில் கேலியாக ஆரம்பித்தேன். இப்போது அதுவே பெயராகிவிட்டது.

வேலை என்னவென்றால், பழைய பாலத்துக்குப் பக்கத்தில் உயரமாகப் புதுப் பாலம் ஒன்று இருக்கிறது. அதன் கைப்பிடிச் சுவரில் கசார்வாடிக் கரையிலிருந்து அக்கரை வரை ஒன்று முதல் ஐந்து வரை மஞ்சள் பெயின்ட்டில் குறி போட்டிருக்கிறது. மழைக்காலத்தில் தினம் மூன்று வேளை, ஒவ்வொரு குறியிலும் பாட்டிலை இரும்புக் கூட்டில் வைத்துக் கயிறு கட்டி இறக்கித் தண்ணீர் எடுக்க வேண்டும். பாட்டிலில் குறி நம்பரும் நேரமும் எழுத வேண்டும். தூணில் தீட்டியிருக்கும் அளவைப் பார்த்துத் தண்ணீர் எவ்வளவு உயரம் என்று எழுத வேண்டும். அந்தத் தண்ணீரில் எவ்வளவு வண்டல், எவ்வளவு சாக்கடை என்று பார்த்து, அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால், ஆறு எங்கே வேகமாகப் போகும், எங்கே மண்ணைப் போடும், எந்த வீட்டுக்குள் வெள்ளம் வரும் என்று அது சொல்லுமாம். அதற்கு அவர்கள் மாடல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

2023, 2024 இரண்டு மழைக்காலமும் நான் ஐந்து பாட்டிலையும் முதல் குறியிலேயே நிரப்பினேன். நம்பரை மட்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று மாற்றி எழுதினேன். சோம்பேறித்தனத்தால் அல்ல. முதல் குறியில் நின்றால் ஸ்டேஷன் பக்கமிருந்து வருகிற சாலை தெரியும். இரண்டாம் குறிக்கு நகர்ந்தால் ஒரு விளம்பரப் பலகை மறைக்கும். ஐந்தாம் குறிக்குப் போய்த் திரும்பி வர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் ஒரு லோக்கல் வந்துவிட்டுப் போய்விடும். என் கணவர் இடது காலைக் கொஞ்சம் வீசி நடப்பார். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது, நடை தெரியும். தண்ணீர் உயரத்தில் நான் பொய் எழுதவில்லை. அந்தத் தூண் முதல் குறியிலிருந்தே தெரியும்.

2024 செப்டம்பரில் சுப்ரஜா ஒரு நாள் என்னிடம், "அக்கா, இந்த அஞ்சு பாட்டிலும் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்குதுங்களே" என்றார். "ஒரே ஆத்துத் தண்ணி அம்மணி. பின்ன ஒண்ணுல மோரும் ஒண்ணுல ரசமுமா இருக்கும்?" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டதால் மேலே கேட்கவில்லை. இதைத் தனியாக எழுதிக்கொள்ளுங்கள், அவர் மேல் தவறு இல்லை. நான் சிரிக்க வைத்துவிட்டேன்.

அதன் பிறகு 2025 ஜனவரியில் அவர் எனக்குக் கம்ப்யூட்டரில் ஆற்றைக் காட்டினார். நம்ம ஆறுதான், ஆனால் நாற்றமில்லை. நீலமாகத் தண்ணீர், சிவப்பாக வண்டல். ஒரு இடத்தில் பொட்டுப் பொட்டாக மணலைத் தூவினால் அது எங்கே போய்ப் படியும் என்று ஓடிக் காட்டியது. அங்கேயே உட்கார்ந்து நான்கு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தேன். அதன் பிறகு, "மணலுக்குப் பதிலா ஒரு மொபெட்டைப் போட்டா எங்க போவும்?" என்று கேட்டேன். எதுக்குங்க அக்கா என்றார். அதுவரை அவரிடம் என் கணவர் ஊருக்குப் போயிருப்பதாகச் சொல்லி வைத்திருந்தேன். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன், பாட்டில் சமாசாரத்தைத் தவிர.

ஏன் கேட்டேன் என்றால், இரண்டரை வருஷம் ஆகிவிட்டது. எந்தக் கோபமும் அவ்வளவு நாள் இருக்காது. அதுவும் அவருக்கு. கோபம் வந்தால் மத்தியானச் சாப்பாடு வரை தாங்குகிற ஆள்.

சுப்ரஜா இரண்டு வாரம் ஆபீஸ் வேலை முடிந்த பிறகு உட்கார்ந்து ஓட்டிப் பார்த்தார். மொபெட்டை மொபெட்டாகப் போட முடியாது, அதே எடைக்கு ஒரு கல்லாகத்தான் போட முடியும் என்றார். ஆளைப் போட முடியுமா என்று கேட்டேன். "ஆளுக்கு இதுல கணக்கே இல்லைங்க அக்கா" என்றார். கல் பழைய பாலத்திலிருந்து உருண்டு கசார்வாடிக் கரையில், பாலத்துக்குக் கீழே முந்நூறு அடியில் நின்று, மண்ணுக்குள் போனது.

அந்த இடத்தில் 2025 மார்ச் மாதம் நான்கு ஞாயிற்றுக்கிழமை நான் மண்வெட்டியால் தோண்டினேன். இடுப்பளவு போனேன். மூன்று ஒற்றைச் செருப்பு, ஒரு குக்கர் மூடி, ஒரு கட்டில் கால், விசர்ஜனத்தில் கரையாத ஒரு கணபதி ஆகியவை கிடைத்தன. ஒரு குடித்தனத்துக்கு வேண்டியதெல்லாம் இருந்தது. குடித்தனக்காரர் மட்டும் இல்லை. கணபதிக்குத் தும்பிக்கை இல்லை. அவரைத் தொந்தரவு செய்ததற்கு மன்னிப்புக் கேட்டு அங்கேயே மூடிவிட்டேன்.

அதன் பிறகு நான் சுப்ரஜாவிடம் போய் மொபெட் அங்கே இல்லை, ஆகவே அவர் ரயில் ஏறித்தான் போயிருக்கிறார் என்று சொன்னேன். அவர் அப்படி முடிவு கட்ட முடியாது, மாடல் எங்கேயோ தப்புப் பண்ணுகிறது, கரையில் எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று அளந்து பார்த்தால் அதுவும் மாடல் சொன்னதற்கு ஒத்துவரவில்லை, ஒரு மாதமாக எங்கே தப்பு என்று தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அதைப் பார்த்த பிறகு பாட்டில் சமாசாரத்தைச் சொன்னேன்.

அவர் லேப்டாப்பை மூடினார். "ரெண்டு வருஷ மழைங்க அக்கா" என்றார். நான் ஒரு கேலி சொல்லப் பார்த்தேன். அது வராமல் எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐந்து நாள் போன் இல்லை. ஆறாம் நாள் கூப்பிட்டார். மேலதிகாரியிடம் தானே சொல்லிவிட்டதாகவும், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டதாகவும், இந்த மழைக்காலம் முழுக்க ஒழுங்காக எடுத்துத் தருவதாக இருந்தால் என்னை வேலையில் வைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னார். ஒவ்வொரு குறியிலும் பாட்டிலோடு போட்டோ எடுக்க வேண்டும், போட்டோவில் இடமும் நேரமும் விழும். "நீங்க எந்தப் பக்கம் பாத்துட்டு நின்னீங்களோ, கம்ப்யூட்டரும் அந்தப் பக்கத்தையே பாத்துட்டு நின்னிருக்குதுங்க" என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. விளக்கமாகத்தான் சொன்னார்.

2025 ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு வேளை தவறாமல் ஐந்து குறியிலும் எடுத்தேன். முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் குறி பாட்டிலை அசையாமல் வைத்தால் அடியில் நகக்கண் அளவு வண்டல் தங்கியது. நான்காம் குறி பாட்டிலில் இரண்டு விரல். இத்தனை நாளும் ஆறு தன் பாரத்தையெல்லாம் அக்கரைப் பக்கமாகவே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஸ்டேஷனைப் பார்த்து நின்றிருக்கிறேன். நான்காம் குறியில் நிற்கும்போது எத்தனை லோக்கல் வந்து போயின என்று எனக்குத் தெரியாது. சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை சுப்ரஜா என்னை வாகடுக்கு வரச் சொன்னார். காபி கொடுத்தார். அதன் பிறகு கல்லை ஓட்டிக் காட்டினார். இந்தத் தடவை கல் அக்கரைப் பக்கம் நகர்ந்து, சாங்விக்கு மேலே ஆறு வளைகிற இடத்தில், வளைவின் உள்பக்கம் நின்றது. நான்கு மழைக்காலம் ஒவ்வொன்றாக அதன் மேல் மண் ஏறியது. எனக்கு அது போர்வையை இழுத்து இழுத்து மூடுவது போல இருந்தது. மொத்தம் ஐந்தடி. அவர் அந்த இடத்தைச் சுற்றி நாற்பது அடிக்கு ஒரு வட்டம் போட்டார். "இதுக்குள்ள இருக்கலாமுங்க. இல்லாமயும் போலாம். போலீஸ்ல சொல்லி, அனுமதி வாங்கித்தான் தோண்டணும், சரிங்களா?" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டினது சம்மதம் என்று அவர் நினைத்தது அவர் குற்றம் அல்ல.

நான் அனுமதி வாங்கவில்லை. கேட்டால் ஒருவேளை கூடாது என்று சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

நேற்று முன்தினம், சனிக்கிழமை, ஜனவரி 17, காலை எட்டு மணிக்கு அந்த வளைவுக்குப் போனேன். அங்கே ஆகாயத்தாமரை அள்ளுவதற்காக ஒரு ஜேசிபி நின்றது. டிரைவர் பெயர் கேஷவ். எனக்கு முன்பின் தெரியாதவர். நான் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "மௌஷி, என்ன தேடுறே?" என்று மராத்தியில் கேட்டார். மௌஷி என்றால் சித்தி. "நவரா" என்றேன். கணவன் என்று அர்த்தம். அவர் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து இன்ஜினை அணைத்தார். இறங்கி வந்து முழுக் கதையையும் கேட்டார். அதன் பிறகு மேலே ஏறி இன்ஜினைப் போட்டார். அவரைத் தோண்டச் சொன்னது நான்தான்.

வட்டத்தில் மூன்று இடத்தில் ஒன்றும் இல்லை. நான்காவது இடத்தில் முதலில் பக்கக் கண்ணாடி ஒன்று தெரிந்தது. உடையவில்லை. அதில் கொஞ்சம் வானம் தெரிந்தது. கேஷவ் ஜேசிபியை நிறுத்திவிட்டு மீதியைக் கையால் அள்ளினார். என் கணவரின் மொபெட். நம்பர் பிளேட் சாட்சிப் பொருள் பட்டியலில் உள்ளபடி. சாவி வண்டியிலேயே இருந்தது, ஓடுகிற நிலையில் திருப்பியிருந்தது. நிறுத்திவிட்டு ரயில் ஏறப் போகிறவர் சாவியை விட்டுவிட்டுப் போக மாட்டார். அவர் பீடிக்கட்டைக்கூடப் பூட்டி வைக்கிற ஆள்.

முன்பக்கம் கால் வைக்கிற இடத்தில் ஒரு நைலான் பை, சைக்கிள் டியூபால் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. ஒரு சுற்றுப் போதும். அவர் எதையும் மூன்று சுற்றுத்தான் கட்டுவார். முடிச்சை அவிழ்க்க எனக்கு நேரமானது, கேஷவ் கத்தி தருகிறேன் என்றார், நான் வேண்டாம் என்றேன். உள்ளே எவர்சில்வர் இட்லித் தட்டு இருந்தது. நடுத்தண்டில் கோத்த நான்கு அடுக்கு. ஆற்றுத் தண்ணீரிலேயே கழுவினேன். ஒரு தட்டுக்கு நான்கு குழி. எண்ணிப் பார்த்தேன். பதினாறு.

பாத்திரக் கடை அக்கரையில், சாங்வியில் இருக்கிறது. வீடு கசார்வாடியில் இருக்கிறது. பழைய பாலம் நடுவில் இருக்கிறது. தட்டு வாங்கின பிறகுதான் அவர் பாலத்துக்கு வந்திருக்கிறார். ஆகவே அவர் வந்துகொண்டிருந்தார்.

அவர் கிடைக்கவில்லை. கரைக்கு மேலே ஒரு மாடி வீட்டிலிருந்து யாரோ வீடியோ எடுத்து, மணல் திருடுகிறார்கள் என்று போன் செய்ததால், ஒன்பது இருபதுக்குப் போலீஸார் வந்தார்கள். நான் மணல் திருடவில்லை. தோண்டின மண் முழுவதும் கரையிலேயே இருக்கிறது, என் சேலையில் ஒட்டினது நீங்கலாக.

நான் கேட்பது இவ்வளவுதான். கேஷவ் மீதும் சுப்ரஜா மீதும் வழக்கு வேண்டாம். அனுமதியில்லாமல் தோண்டினதற்கு எனக்கு என்ன உண்டோ அதைக் கொடுங்கள். 2022 புகாரில் தகராறு இல்லை என்று இருப்பதை அடித்துவிட்டு, நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். "தானாக வீட்டை விட்டுப் போயிருக்கலாம்" என்று அதே ஃபைலில் ஒரு வரி இருக்கிறதாம். அதையும் அடித்துவிட்டு, வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார் என்று எழுத வேண்டும். மொபெட்டை நீங்கள் வைத்துக்கொள்ளலாம். சாட்சிப் பொருள் மூன்று, அதாவது இட்லித் தட்டு, வழக்கு முடிந்ததும் எனக்குத் திரும்ப வேண்டும். இந்த மூன்றரை வருஷமும் நான் எட்டுக் குழித் தட்டில்தான் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். எட்டில் நான்கு மறுநாள் காலைக்கு மிஞ்சும்.

இதுவரை எழுதினது நான் என் வாயால் சொன்னது, யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. ரவிசந்திரன் ஐயா படித்துக் காட்டக் கேட்டேன். வயது உட்பட எல்லாம் உண்மை.

பின்சேர்க்கை. மேலே உள்ளதற்குக் கையெழுத்துப் போட ரவிசந்திரன் ஐயா எனக்கு நாற்காலியைக் கொடுத்துவிட்டு எழுந்தபோது, மேஜையில் வைத்திருந்த சாட்சிப் பொருள் மூன்றின் மீது அவர் கை பட்டு அது கீழே விழுந்து, தண்டிலிருந்து கழன்ற ஒரு தட்டு உருண்டு போய், அதைப் பிடிப்பதற்காக அவர் வைத்த கால் அதன் மேலேயே பட்டதில், ஒரு குழி நசுங்கிவிட்டது. ஆகவே பொருள் பட்டியலில் பதினாறு குழி என்று இருப்பது தற்போது பதினைந்து. ஆற்றில் இருந்த மூன்றரை வருஷத்தில் அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்பதையும் பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன். ரவிசந்திரன் ஐயாவே பதிவு செய்தார்.

(ஒப்பம்) சரசா